கூடத்தில் எண்பது டிகிரி

"கடலுக்கு யாருங்க தெர்மாமீட்டர் வைக்கிறா?" என்று அம்மா ஒருநாள் கேட்டாள்.

"கடல் பெரிசு மீனா. எவ்வளவு வெயில் அடிச்சாலும் தாங்கும். நம்ம தொட்டி நாப்பது காலன்தானே," என்றார் அப்பா.

"அப்ப அந்த மீனைக் கடல்லயே விட்டிருக்கலாமே."

அப்பா ஐஸ் வாங்கப் போய்விட்டார்.

அது ஐம்பத்தைந்தாம் வருஷம். மன்னார்புரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அந்தக் கண்ணாடித் தொட்டி வந்த புதிது. மண்டபம் கடற்கரையிலிருந்து கொண்டுவந்த பவளப்பாறைத் துண்டுகள், நான்கு மீன்கள். கடல் தண்ணீர் மாதம் இருமுறை ராமேஸ்வரம் ரயிலில் பால்கேன்களில் வரும். என் அப்பா மாத்ருபூதம் பொன்மலை ரயில்வே பட்டறையில் பாய்லர் பார்ப்பவர். அங்கே மீட்டர் முள் எவ்வளவு ஏறினாலும் பதறாதவர், இங்கே தண்ணீர்ச் சூடு ஃபாரன்ஹீட்டில் எண்பது டிகிரி எண்பத்தொன்றானால் சாப்பாட்டிலிருந்து எழுந்துவிடுவார்.

மணிக்கு ஒருமுறை சூடு பார்த்து நோட்டில் எழுதுவது என் வேலை. வேறு யார் பார்த்தாலும் அவர் நம்பமாட்டார். அதனால் எனக்கு வந்த வரன்களை ஏதாவது குறை சொல்லித் திருப்பி அனுப்பினார். ஒருவன் நெட்டை, ஒருவன் குட்டை. மூன்றாமவன் அளவாக இருந்தான். அதுவே அவருக்குச் சந்தேகமாகிவிட்டது. எனக்கு இருபத்தாறு வயதாயிற்று.

அறுபத்திரண்டாம் வருஷம் மே மாதம், உறையூரிலிருந்து காசிநாதன் என்ற தபாலாபீஸ்காரர் என்னைப் பெண் பார்க்க வந்தார். கூட ஏழு பேர். அப்பா அவர்களை வாசலிலேயே நிறுத்தினார்.

"மூணு மூணு பேரா வாங்க. ஆள் சூட்டுல தண்ணி ஏறிடும்."

"நாங்க என்ன அடுப்பாங்க?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா வெள்ளையம்மாள்.

"கோவிச்சுக்காதீங்க. ஆளுக்குக் கால் டிகிரி."

காசிநாதனும் வெள்ளையம்மாளும் ஒரு மாமாவும் உள்ளே வந்ததும் கரண்ட் போயிற்று. தொட்டிக்கென்று ஓடிக்கொண்டிருந்த ஃபேன் நின்றது. பார்த்தேன். எண்பத்திரண்டு.

அப்பா சர்பத்துக்கு வாங்கிய ஐஸையெல்லாம் பாட்டில்களில் அடைத்துத் தொட்டிக்குள் இறக்கினார். காசிநாதனின் புது அங்கவஸ்திரத்தை வாங்கி நனைத்துக் கண்ணாடியைச் சுற்றிப் போர்த்தினார். வெள்ளையம்மாளின் கையில் ஒரு விசிறியைக் கொடுத்தார்.

"ஈரத்துணியில காத்துப் பட்டாத்தான் குளிரும். நிறுத்தாதீங்க."

"துணி திரும்பி வருமாங்க?" என்றார் காசிநாதன்.

"எண்பது வரட்டும், தரேன்."

காசிநாதன் சிரிக்காமல் தலையாட்டினார். எனக்குத்தான் சிரிப்பு வந்தது. மறுபடி பார்த்தபோது எழுபத்தாறு.

அப்பா தலையில் கைவைத்தார். சட்டென்று குளிர்ந்தாலும் பவளம் பிழைக்காது. துணியை உருவினார், பாட்டில்களை எடுத்தார், வாசலுக்கு ஓடினார்.

"எல்லாரும் உள்ள வாங்க. ஒட்டி உக்காருங்க. கதவைச் சாத்திக்கறேன்."

எட்டுப் பேரும் தொட்டியைச் சுற்றி முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள். அம்மா ஆவி பறக்கும் கேசரித் தட்டுகளைத் தொட்டியோரமாகவே வைத்தாள். இடமில்லாமல் எனக்குக் காசிநாதனுக்குப் பக்கத்தில்தான் உட்காரக் கிடைத்தது.

"எழுபத்தெட்டு," என்றார் அவர், மெல்ல. "அதுக்கு மேல ஒரு பொடிக் கோடு."

குனிந்து பார்த்தேன். சரியாக இருந்தது. எழுதிக்கொண்டேன். அதை அப்பா கவனித்துவிட்டார்.

"தம்பிக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு," என்றார். "ஆனா உறையூருக்கும் இங்கைக்கும் ரெண்டு பஸ் மாறணும். எம் பொண்ணு ஜெகதா அங்க வந்துட்டா, மணிக்கு ஒரு தடவை இங்க வந்து பாக்க முடியாது பாருங்க. அதனால..."

வெள்ளையம்மாள் விசிறியைக் கீழே வைத்தார். எழுந்திருக்கப் போகிறார் என்று தெரிந்தது.

ஏழு வருஷமாக அம்மாவிடம்கூடச் சொல்லாததை எட்டுப் பேர் முன்னால் சொல்ல வேண்டியிருந்தது. நோட்டை மூடி அப்பாவின் மடியில் வைத்தேன்.

"அப்பா, எனக்குக் கல்யாணம் பண்ணி வைங்க."