இடக்கைப் பக்கத்து லீவர்

அந்த விமானத்தில் முன்பு இரண்டு பேர் உட்காரலாம், இப்போது ஒருவர்தான். அந்த வீட்டு மாப்பிள்ளைகள் இருவருக்கும் நடுவே நடந்ததற்கெல்லாம் இதுதான் வேர். ஆகவே இரண்டாவது இருக்கை எங்கே போயிற்று என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அது ராணுவத்தில் பறக்கக் கற்றுக்கொடுப்பதற்காகச் செய்த விமானம். மேலும் கீழுமாக இரட்டை இறக்கை, மரச்சட்டத்தின் மேல் இழுத்துக் கட்டிய துணி, கூரையில்லாத இரண்டு குழிகள். முன்குழியில் ஆசிரியர் உட்காருவார், பின்குழியில் மாணவர். இரண்டு குழிகளிலும் மூக்கைத் தூக்கவும் தாழ்த்தவும் ஒரே மாதிரியான குச்சி, ஒரே மாதிரியான மிதிகள், ஒரே இடத்தில் ஒரே லீவர்கள். அடியில் ஓடும் கம்பிகள் இரண்டையும் சேர்த்திருக்கும். மாணவர் குச்சியைச் சாய்த்தால் ஆசிரியரின் முழங்கால்களுக்கு நடுவே இருக்கும் குச்சியும் சாயும். ஒருவர் கை செய்வதை மற்றவர் கை உடனே தெரிந்துகொள்ளும்.

கற்றுக்குட்டிகளுக்காகச் செய்த வண்டி என்பதால் அதற்குப் பொறுமை அதிகம். மெதுவாகப் பறந்தாலும் பொசுக்கென்று விழாது. தொப்பென்று இறக்கினாலும் சக்கரக் கால்கள் தாங்கும். வயலுக்கு மேல் மருந்து தூவுகிறவருக்கு வேண்டியதும் இதே குணங்கள்தான்: தாழ்வாக, மெதுவாக, மேடுபள்ளமான புல்தரையிலிருந்து ஒரு நாளில் பல தடவை ஏறி இறங்க வேண்டும். ராணுவம் புது விமானங்கள் வாங்கி இதை ஏலத்தில் விட்டபோது மாமனார் வாங்கிப்போட்டார். மருந்து தூவும் தொழில் அவருடையது. மழைக்காலம் முழுக்கக் கொட்டகையில் உட்கார்ந்து அவரும் மூத்த மாப்பிள்ளையும் அதை மாற்றினார்கள். முன்குழியில் இருந்த ஆசிரியர் இருக்கையைக் கழற்றிவிட்டு, அங்கே தகரத் தொட்டி ஒன்றை இறக்கினார்கள். தொட்டிக்கு அடியில் ஒரு கதவு. கதவுக்குக் கீழே மீன் வால் மாதிரி விரிந்த ஒரு தகடு. மருந்துப்பொடி அதன் வழியாகத்தான் பரவி விழும். ஓட்டுபவருக்கு மிஞ்சியது பின்குழி.

லீவர் விஷயம் இங்கேதான் வருகிறது. விமானத்தின் மூக்குப் பக்கம் கனமாக இருந்தால், ஓட்டுபவர் குச்சியைத் தன் பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். சற்று நேரத்தில் தோள் கழன்றுவிடும். அதற்குத்தான் ட்ரிம் என்று ஒரு லீவர். அதைப் பின்னால் இழுத்தால் பாரத்தை வால் வாங்கிக்கொள்ளும், கைக்கு ஓய்வு கிடைக்கும். ராணுவத்தில் அது இரண்டு குழிகளிலும் இடது கைப் பக்கம் இருந்தது. மருந்து வண்டிக்கு அந்த இடம் வேறொன்றுக்குத் தேவைப்பட்டது. தாழப் பறக்கையில் இஞ்சின் நின்றுவிட்டால் தொட்டியில் உள்ளதை ஒரே இழுப்பில் கொட்டிவிட வேண்டும். அப்போது லீவரைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. வலது கை குச்சியை விடக் கூடாது. எனவே இடது கை தானாகப் போய் விழுகிற இடத்தில் தொட்டி லீவரை வைத்தார்கள். பாதி இழுத்தால் தூவும், முழுதும் இழுத்தால் கொட்டும். ட்ரிம் ஒரு சின்னச் சக்கரமாகி இருக்கையின் வலப்பக்க அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. யோசனை மூத்தவருடையது. அவர் கை பல பருவங்களாக அந்த இடத்திலேயே பழகியிருந்தது.

இந்த நிலையில் சின்ன மாப்பிள்ளை ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து சேர்ந்தார். அவர் அங்கே பறக்கக் கற்றுக்கொடுத்த ஆசிரியர். வந்த அன்றே கொட்டகைக்குப் போனார். வண்டியின் வாலுக்குக் கீழே, பெயின்ட் உரிந்த ஓரிடத்தில் பழைய எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் தெரிந்தன. அவர் பையன்களோடு பறந்த அதே வண்டி. பிறகு இறக்கை நுனியில் இருந்த ஒட்டுத்துணியை விரலால் தட்டினார்.

"இது நம்ம பையன் ஒருத்தன் கம்பத்துல உரசினது, அண்ணா. நான்தான் முன்னாடி இருந்தேன். அவனைவிட நான்தான் அதிகமா பயந்தேன்."

மூத்தவர் சிரித்துவைத்தார். அந்த ஒட்டை எத்தனையோ முறை அவரே பிரித்து மறுபடி ஒட்டியிருக்கிறார். ஏலத்துக்கு முன்னால் யாரோ செய்தது என்பதற்கு மேல் அதைப் பற்றி நினைத்ததில்லை. இப்போது அந்த 'யாரோ'வுக்கு முகம் வந்துவிட்டது. அதுவும் சகலையின் முகம். அன்று மாலைக்குள் சின்னவர் வண்டியின் முற்பிறவி முழுவதையும் சொல்லி முடித்துவிட்டார். எந்தக் கால் எந்தப் பையனால் வளைந்தது, எந்த வெயிலில் எந்த இஞ்சினை மாற்றினார்கள் என்று ஒன்று விடவில்லை. மாமனார் வாய் பிளந்து கேட்டார். அதே மாமனாரிடம் மூத்தவர் வயல் கதைகளைச் சொல்லும்போது அவர் காது குடைந்துகொண்டிருப்பார்.

சாப்பாட்டு மேசையில் மாமனார் சொன்னதுதான் விஷயத்தை முற்றவைத்தது. பெரிய தோட்ட முதலாளிகள் இப்போதெல்லாம் ஓட்டுபவரின் சான்றிதழைப் பார்க்கிறார்களாம். சின்ன மாப்பிள்ளை முழுத் தொட்டியோடு ஒருமுறை ஏறிக் காட்டட்டும். இந்தப் பருவத்துக்கு இருக்கை யாருக்கு என்று அப்புறம் பார்க்கலாம். இருக்கை போனால் மூத்தவருக்கு மிஞ்சுவது கொடி. வயலின் ஓரத்தில் ஒருவர் கொடி பிடித்து நின்றால்தான் மேலே இருப்பவருக்கு எந்த வரிசையில் தூவ வேண்டும் என்று தெரியும். மூத்தவர் அந்தத் தொழிலுக்குள் வந்ததே கொடி பிடித்துத்தான். மறுபடியும் அங்கே போய் நிற்பதை நினைத்தபோது சோறு இறங்கவில்லை.

மறுநாள் சின்னவர் காலித் தொட்டியோடு ஒரு சுற்றுப் போய்வந்தார். மூன்று சக்கரமும் ஒரே நேரத்தில் தரையைத் தொட்டன, பூனை படியிறங்குவது போல. தொட்டி காலியாக இருந்தால் மூக்கு கனக்காது. மூக்கு கனக்காவிட்டால் ட்ரிம் தேவையில்லை. அவருடைய இடது கை அந்தப் பக்கம் போகவே இல்லை. அதனால் அன்று யாருக்கும் எதுவும் தெரியவில்லை, வண்டி அவரிடம் நல்லபடியாக நடந்துகொண்டது என்பதைத் தவிர.

வீட்டுக்கு வந்து தட்டைத் தள்ளிவிட்ட மூத்தவரை அவர் மனைவி சற்று நேரம் பார்த்தாள்.

"ஏங்க, விமானத்துக்கு முதல் புருஷன் வந்துட்டாருன்னா பட்டினி கிடக்கறீங்க?"

"அவர் ஏறினா இஞ்சின் சத்தமே மாறுதுடி."

"சத்தம் அப்படியேதான் இருக்கு. உங்க காதுதான் மாறிடுச்சு. என் தங்கச்சிகிட்ட போய்ச் சொல்லவா, உன் வீட்டுக்காரரைக் கொஞ்சம் மோசமா ஓட்டச் சொல்லுடின்னு?"

சொன்னால்கூடத் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக ஒரு வண்டியில் ஏறப்போகிறவரின் கண்ணைத் துணியால் கட்டி, நிற்கும் வண்டியில் உட்காரவைத்து, ஒவ்வொன்றாகப் பெயர் சொல்வார்கள். த்ராட்டில் என்றால் கை நேராக இஞ்சின் வேகத்தைக் கூட்டும் அந்தப் பிடிக்குப் போக வேண்டும். தடவினால் தோல்வி. கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டது ஆபத்து நேரத்தில் உதவாது, கைக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக வந்த வழக்கம். ராணுவத்திலும் இதேதான். சின்னவர் எத்தனையோ பையன்களின் கண்ணைக் கட்டியிருக்கிறார்.

முழுத் தொட்டியோடு ஏறப்போகும் காலையில் மூத்தவர் அவரிடம் எல்லாவற்றையும் விளக்கினார். இடது பக்கம் இருப்பது தொட்டி லீவர், ட்ரிம் இப்போது வலப்பக்கச் சக்கரம் என்று தெளிவாகவே சொன்னார். லீவரின் பிடியில் சிவப்பு டேப்பும் சுற்றியிருந்தார். சின்னவர் தலையாட்டினார். கண்ணைக் கட்டிக்கொள்ளுங்கள் என்று மூத்தவர் சொல்லவில்லை. ஊருக்கே கண்ணைக் கட்டியவரிடம் எந்த வாயால் சொல்வது? கட்டிவிடுங்கள் என்று சின்னவரும் கேட்கவில்லை. கொடி பிடித்து மேலே வந்தவர் முன்னால் கண்ணைக் கட்டிக்கொண்டு தடவ வேண்டுமா? இருவருக்கும் அந்தத் துணி நினைவுக்கு வந்தது. இருவருமே அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

தொட்டியில் கந்தகப்பொடியை நிரப்பினார்கள். மூத்தவர் கொடியோடு ஓடுதரையின் கடைசிக்குப் போய் நின்றார். மாமனார் கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

வண்டி கனத்தோடு ஓடிவந்து தரையை விட்டது. மூக்கு கீழே இழுத்தது. சின்னவர் குச்சியை இழுத்துப் பிடித்தார். தோள் வலித்தது. இப்படி வலிக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்று அவர் கைக்குத் தெரியும். ராணுவத்தில் ஆயிரம் முறை செய்ததுதான். இடது கை கீழே போய், கிடைத்த லீவரைப் பின்னால் இழுத்தது. முழுதாக.

தொட்டி மொத்தமும் மூத்தவர் தலையில் இறங்கியது.

அடுத்து நடந்ததைப் புரிந்துகொள்ள ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். பாரம் முன்னால் இருந்ததால்தான் அவர் குச்சியை இழுத்துக்கொண்டிருந்தார். பாரம் சட்டென்று போய்விட்டது. இழுப்பு மட்டும் மிச்சமிருந்தது. வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏணி மாதிரி நின்றது. வேகம் கரைந்தது. அப்படி நிற்கும் விமானத்தின் இறக்கைகளைக் காற்று தாங்காது. கல் மாதிரிக் கீழே வரும். தப்ப ஒரே வழி, தரை இவ்வளவு அருகில் இருந்தாலும் மூக்கைத் தரையை நோக்கி அழுத்துவது. மனம் வேண்டாம் என்று கத்தும். ஆனாலும் அழுத்த வேண்டும்.

மூத்தவர் மஞ்சள் புழுதிக்குள் இருமிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். அந்த ஒரு கணத்தில் அவர் நினைத்ததை வெளியே சொன்னால் குடும்பம் நாறிவிடும். ஆனால் வண்டி விழவில்லை. மூக்கு அவசரமில்லாமல் தணிந்தது, இறக்கைகள் மட்டமாயின, அது புல்லை உரசுவது போல வந்து வேகம் பிடித்து, வட்டமடித்து, நேற்றைப் போலவே பூனை மாதிரி இறங்கியது. தான் அந்த இடத்தில் இருந்திருந்தால் குச்சியை மேலும் இழுத்திருப்பேன் என்பது மூத்தவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. சகலை தப்பு செய்தார் என்ற சந்தோஷம் மூச்சுவிடும் நேரம்கூட நிற்கவில்லை. தப்பைக்கூட இத்தனை அழகாகச் செய்ய வேண்டுமா?

கொட்டகையில் மாமனார் இரண்டு பேரையும் நிற்கவைத்தார். ஒருவர் வெளுத்துப்போயிருந்தார், மற்றவர் மஞ்சளாக இருந்தார்.

"கண்ணைக் கட்டி உட்கார வச்சீங்களா, மாப்ள?"

மூத்தவர் இல்லை என்றார்.

"நீங்க கேட்டீங்களா?"

சின்னவரும் இல்லை என்றார். ஆளுக்கொரு கிரீடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வண்டியைக் கவிழ்க்கப் பார்த்தீர்கள் என்று மாமனார் இருவரையும் பொதுவாக ஏசினார். பிறகு சின்னவர் மெதுவாக ஒரு யோசனை சொன்னார். ட்ரிம்மைப் பழையபடி இடப்பக்க லீவராகவே மாற்றிவிட்டால் என்ன? அரை நாள் வேலைதான், தானே செய்துகொடுப்பதாகவும் சொன்னார்.

"மாத்தினா உங்க கை தப்பாது," என்றார் மூத்தவர். "என் கை தப்பும். இஞ்சின் நின்னா நான் ட்ரிம்மை இழுத்துக்கிட்டு உட்கார்ந்திருப்பேன்."

அது பொறாமையில் சொன்னதுதான். ஆனால் முழு உண்மையாகவும் இருந்தது. மாமனார் மோவாயைத் தடவிக்கொண்டார்.

"இந்த வண்டியில இப்ப ஒரு கைக்குத்தான் இடம். பழகின கையே இருக்கட்டும். சின்ன மாப்பிள்ளைக்கு வேற வண்டி பாப்போம். அதுவரைக்கும் கொடியை நீங்க பிடிங்க, தம்பி."

சின்னவர் கொடியை வாங்கிக்கொண்டார்.

ஆக, மூத்தவர் ஜெயித்துவிட்டார். மனைவி தலையில் தண்ணீர் ஊற்ற ஊற்றக் கந்தகம் காதிலிருந்து வந்துகொண்டே இருந்தது. அவள் சிரிப்பை அடக்க முடியாமல் செம்பைக் கீழே வைத்தாள். அவர் சிரிக்கவில்லை. துவட்டிக்கொண்டு நேராகச் சகலையிடம் போனார். கேட்பதற்குக் கௌரவம் இடம் தரவில்லை; கேட்காமலும் இருக்க முடியவில்லை.

"மூக்கு தூக்கினப்ப என்ன பண்ணீங்க, தம்பி?"

சின்னவர் தன் வலது கையைப் பார்த்தார். "தெரியல அண்ணா. நான் எதுவும் பண்ணல. கை பண்ணிடுச்சு."

தப்பு செய்ததும் கைதான், காப்பாற்றியதும் கைதான். கேட்டு வாங்கிக்கொள்ள அதில் ஒன்றுமே இல்லை. வேறொரு வண்டியாக இருந்தால் முன்னால் ஒருவர் உட்கார்ந்து, கம்பிகளின் வழியாகப் பின்னால் இருப்பவரின் கைக்கு அதைக் கற்றுக்கொடுத்திருக்கலாம். இதில் முன்னால் தொட்டி இருக்கிறது. அதை அங்கே வைத்ததும் மூத்தவர்தான்.

அடுத்த நாள் வேலை முடிந்ததும் அவர் தொட்டியில் தண்ணீர் நிரப்பினார். யாரிடமும் எதற்கென்று சொல்லவில்லை. விழுந்தாலும் சமாளிக்க இடம் இருக்கும் உயரத்துக்கு ஏறி, குச்சியை இழுத்துப் பிடித்துக்கொண்டு, லீவரை முழுதாக இழுத்தார். மூக்கு எழும்பியது, அழுத்தினார், சரியாக வந்தது. இறங்கி, நிரப்பி, மறுபடி ஏறினார். மறுபடியும் சரியாகத்தான் வந்தது. ஆனால் இழுக்கப்போவது தான்தான் என்று கைக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது. தன்னைத் தானே திடுக்கிட வைக்க முடியவில்லை. தானே ஒளித்துவைத்துத் தானே கண்டுபிடிப்பதில் என்ன பெருமை?

மூன்றாவது தடவை கொட்டிவிட்டுத் திரும்பும்போது கீழே பார்த்தார். ஓடுதரையின் ஓரத்தில் சின்னவர் நின்றிருந்தார். கொடியைச் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அண்ணாந்து, வண்டி போகும் பக்கமெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். வேலை முடிந்து வெகுநேரமாகியும் அவர் வீட்டுக்குப் போயிருக்கவில்லை. அந்த நிற்பு எப்படிப்பட்டது என்று மூத்தவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சகலை வந்த நாள் முதல் கொட்டகை வாசலில் அவரே அப்படித்தான் நின்றுகொண்டிருந்தார்.

தொட்டி காலி. இனி மேலே செய்வதற்கு எதுவும் இல்லை, இறங்கியிருக்கலாம். மூத்தவர் ஓடுதரைக்கு மேலே, சகலைக்கு நன்றாகத் தெரியும்படி, இன்னும் ஒரு சுற்று சுற்றினார்.