வலி போன கை

வலி போய்விட்டது என்று சொல்லத்தான் குமாரவேல் முதலிபாளையம் கிளினிக்குக்கு வந்திருந்தார். பனியன் கம்பெனியில் இருபது வருடக் கட்டிங் மாஸ்டர். துணியடுக்கை அழுத்திப் பிடிக்கும் இடது கையில், மணிக்கட்டிலிருந்து விரல்வரை மூன்று மாதமாகச் சுரீரென்று இழுத்த வலி ஒரு வாரமாகக் காணோம். திங்கட்கிழமை மெஷினுக்கு வருகிறேன் என்று முதலாளியிடம் சொல்லியும் ஆயிற்று. இன்னும் தாமதித்தால் வேறொருவன் அந்த இடத்தில் நின்றுவிடுவான் என்ற பயம் அவருக்கு.

"எல்லாம் உங்க கைராசிங்க டாக்டரம்மா. இனி வர வேண்டியதில்லீங்களே?"

பிசியோதெரபிஸ்ட் வினிதா சிரிக்கவில்லை. "எப்படிப் போச்சுங்ண்ணா? கொஞ்சங் கொஞ்சமாவா?"

"இல்லீங்க. மொதல்ல மரத்தாப்ல இருந்துது. அப்புறம் ஒண்ணுமே தெரியலீங்க."

மனுஷன் இதையும் நல்ல சேதியாகத்தான் சொன்னார்.

"சதை வலின்னா மந்தமா இருக்கும், ஓய்வெடுத்தாக் கொறையும். மூட்டு வலின்னா அசைக்கறப்பப் புடிக்கும். உங்குளுது கரண்டாட்டம் ஓடுச்சில்லீங்களா, அது நரம்பு வலி. மணிக்கட்டுல நரம்பு அமுங்கிக் கெடக்குது. அது சரியானாலும் வலி போகும். நரம்புக்கே சேதி சொல்லத் தெம்பில்லாமப் போனாலும் வலி போகும்ங்ண்ணா."

குமாரவேலுக்குக் கோபம் வந்தது. வலித்தாலும் குற்றம், வலிக்காவிட்டாலும் குற்றமா? சட்டைப் பையிலிருந்த சாம்பிள் துண்டுகளை எடுத்து மேசையில் போட்டார். தொட்ட மாத்திரத்தில் துணியின் பேர் சொல்பவர் என்று கம்பெனியே அறியும்.

"கண்ணை மூடிக்கறேன். இடது கைல ஒண்ணொண்ணாக் குடுங்க."

கொடுத்தாள். கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"சிங்கிள் ஜெர்சிங்க. வழவழன்னு இருக்குது."

கண்ணைத் திறந்தால் ரிப் துணி. வரிவரியாக மேடும் பள்ளமுமாய், குழந்தைகூடத் தடவிச் சொல்லிவிடும். இன்னொன்றும் தப்பானது. திங்கட்கிழமை ஓடும் மெஷின் கத்திக்கு முன்னால் இந்தக் கையைத்தான் வைக்கவிருந்தார்.

அங்கேயே போனை எடுத்தார். "மொதலாளி, திங்கக்கெழம வரலீங்க. வேற ஆளப் போட்டுக்குங்க." சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது.

பிறகு நரம்பு டாக்டர், மணிக்கட்டுக்குப் பட்டை, வினிதா சொல்லிக்கொடுத்த பயிற்சிகள். பையில் அந்த ரிப் துண்டு மட்டும் எப்போதும் இருந்தது. காலையில் தடவுவார், ஒன்றும் தெரியாது, மடித்து வைத்துவிடுவார்.

ஏழாவது வாரம் ஒரு காலை, துண்டைத் தடவியவர் "ஆ!" என்று கத்தினார். விரல் நுனியில் சுள்ளென்று ஏறியது. அதன்கீழே, மங்கலாக, ஒரு வரி, பக்கத்தில் இன்னொரு வரி.

மனைவி சித்ராதேவி தைலப் புட்டியோடு ஓடிவந்தாள். "வலிக்குதுங்களா?"

"வலிக்குது புள்ள." கண்ணில் நீர் கோத்திருக்க அவர் சிரித்துக்கொண்டிருந்தார். "தைலம் வேண்டாம். கொஞ்ச நேரம் வலிக்கட்டும்."