சிங்கங்களுக்குக் கறி வேண்டாம்

தவக்காலத்தில் மயிலாப்பூர்க் கத்தோலிக்கர்கள் கறியைத் தொடமாட்டார்கள். அந்த நாட்களில் கறிக்கடை ஆம்ப்ரோஸுக்குச் சோறு போட்டவை மிருகக்காட்சி சாலைச் சிங்கங்கள்தான். உபவாசம் தெரியாத ஜீவன்கள். தினமும் காலையில் கூட்டாளி அக்பர் பாஷா மாட்டுவண்டியில் கறி கொண்டுபோவார். சர்க்கார் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொள்ளும்.

அதனால் ஆம்ப்ரோஸுக்குச் சர்க்கார் மேல் தனி விசுவாசம். வீட்டுச் சுவரில் இயேசுவின் திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில், அதே உயரத்தில், சக்கரவர்த்தி ஜார்ஜ். சர்க்கார் வண்டி தெருவில் போனால் உள்ளே யாரென்று பாராமல் எழுந்து சலாம் போடுவான். சலாமுக்குக் காசா பணமா?

1942, பங்குனி. சிங்கப்பூர் விழுந்தாயிற்று, ஜப்பான்காரன் கப்பல் மெட்ராஸுக்கு வருகிறதென்று பேச்சு. மாட வீதிகளில் வீட்டுக்கு வீடு பூட்டு. ஆம்ப்ரோஸின் மனைவி கிளாடிஸுக்கு நிறைமாதம். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து முதல் பிள்ளை.

"செங்கல்பட்டுக்கு, எங்க அண்ணன் வூட்டுக்கு இப்பவே போயிடலாங்க. இன்னும் நாளாச்சுன்னா வண்டியில குந்த முடியாது."

"ஓடப்போற வெள்ளைக்காரன் சிங்கத்துக்குக் கறி வாங்குவானா? அவன் என்னிக்கி நிறுத்துறானோ அன்னிக்கிப் போவோம். பையன் பொறந்தா ஜார்ஜ்னு பேரு."

"தானியேல்னு வைக்கணும். ராசாவைத் தள்ளுறதும் ராசாவை ஏத்துறதும் ஆண்டவருதான்னு ராசா மூஞ்சிக்கு நேரா சொன்னவரு, சிங்கக் குகையில போட்டும் பொழச்சு வந்தவரு. நீங்க இன்னாடான்னா, ராசா வூட்டுக் கறிச்சட்டியப் பார்த்துக்கினு குந்தியிருக்கீங்க."

"ஆண்டவர் ராசாவ மாத்தட்டும். யாவாரத்த வுட்டுட்டு வண்டி கட்டுறது நான்தானே?"

இரண்டு வாரம் கழித்து ஒரு காலை, அக்பர் பாஷா கறியோடு திரும்பிவந்தார்.

"வாணாம்னுட்டாங்க நைனா."

"ஏன் பாய், வாடை வந்திடுச்சா?"

"துன்றதுக்கு ஒண்ணுகூட உசுரோட இல்ல. விடியகாத்தால எல்லாத்தையும் சுட்டுட்டாங்க. குண்டு வுழுந்து கூண்டு ஒடஞ்சா ஊருக்குள்ள வந்துடுமாம். துப்பாக்கி நீட்டினப்போ ஒரு கெழட்டுச் சிங்கம் கம்பிகிட்ட வந்து வாயத் தொறந்துச்சாம், கறின்னு நெனச்சு."

ஆம்ப்ரோஸ் கறியைத் தெருவில் தள்ளினான். நாய்களுக்குக் கொண்டாட்டம். கழுவியும் வாடை போகாத அதே வண்டியில் கிளாடிஸைப் படுக்கவைத்தான். பாஷா செங்கல்பட்டுக்கு ஓட்டினார்.

தேனாம்பேட்டை வரும்போதே சாலையில் ஊரே நகர்ந்துகொண்டிருந்தது. மாடு நாலடி வைத்தால் ஒரு நாழி நின்றது. சைதாப்பேட்டைப் பாலம் தாண்டியதும் கிளாடிஸுக்கு வலி எடுத்தது. மருத்துவச்சி இல்லை, வெந்நீர் இல்லை. ஒரு புளியமரம் இருந்தது. பிள்ளை நீலம் பாரித்து வந்தான். அழவில்லை. நெஞ்சு மட்டும் பல்லியின் தொண்டைபோல் துடித்தது.

சாகிற பிள்ளைக்குச் சாமியார் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம். பாஷா தன் கூஜாவை நீட்டினார்.

"பேரச் சொல்லு நைனா, சீக்கிரம்."

வருஷக்கணக்கில் சேர்த்துவைத்த பேர் நாக்கு நுனியில்தான் இருந்தது. வெளியே வரவில்லை.

"தானியேல்..." என்றான் ஆம்ப்ரோஸ். "பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பேராலே..."

தண்ணீர் நெற்றியில் வழிந்தது. துடிப்பு நின்றது.

பின்னாலிருந்து ஹாரன். சர்க்கார் லாரி, மேலே பீரோக்கள், மின்விசிறி, துரை வீட்டு நாய்.

"ஓரம் போடா!"

ஆம்ப்ரோஸ் பழக்கத்தில் எழுந்து நின்றான். இரண்டு கையிலும் பிள்ளை இருந்தது. நாய் அவனைப் பார்த்துக் குரைத்துக்கொண்டே போயிற்று.

"இன்னா பேரு வெச்சீங்க?" என்றாள் கிளாடிஸ், கண்ணைத் திறக்காமல்.

"நீ சொன்ன பேருதான்."

லாரி கிளப்பிய புழுதி ஈர நெற்றியில் ஒட்டியிருந்தது. அதைக் கட்டைவிரலால் துடைத்தான்.

ஜப்பான்காரன் வரவேயில்லை.