மலை இறங்கி வந்து கேட்ட கிட்டார்

திலக்ஷன் அந்தக் கிட்டார் சத்தத்தைச் சரியாகப் பிடித்த சனிக்கிழமை, பிற்பகல் மூன்றேகாலுக்கு, தொழிலாளர் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருந்த மலை ஓரடி கீழே இறங்கியது. பொகவந்தலாவைக்கு மேலே உள்ள அந்தத் தோட்டத்தில் அன்று மழையும் இல்லை, காற்றும் இல்லை. ஒரு தேயிலைச் செடிகூடச் சாயவில்லை. வரிசையில் நிற்பவர் ஓரடி முன்னால் நகர்வதுபோல மலை நகர்ந்தது, அவ்வளவுதான்.

அந்தச் சத்தத்துக்காக ஆறு வருஷம் மல்லுக்கட்டியிருந்தான். பழைய ஹெவி மெட்டல் கசெட் ஒன்றில் யாரோ ஒருவர் கிட்டாரை அழவும் உறுமவும் வைத்திருந்தார். அது மேடையில் அச்சுப் பிசகாமல் வர வேண்டும். வீட்டில் தனியாக வாசித்தால் கூரைத் தகரம் நடுங்கும். மேடையில் டிரம்ஸ் தொடங்கியதும் சத்தம் போன இடம் தெரியாது. பெடல்களை மாற்றினான், ஆம்ப்ளிஃபயரை மாற்றினான். கடைசியில், அவன் இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கும் றமணன், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கணித ஆசிரியர், வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "மிட்டை, அந்த நடுச் சத்தத்தை, சுத்தமாக் குறைச்சு வைச்சிருக்கிறீர். தனிய வாசிக்க நல்லாத்தான் இருக்கும். எங்களோடை சேர்ந்தால் ஆருக்குக் கேக்கும்? கூட்டிப் பாரும்." கூட்டினான். கசெட்டில் இருந்த ஆளே அறைக்குள் வந்து நின்றதுபோல இருந்தது. அப்போதுதான் மலை இறங்கியது.

மறுநாள் மறுபடி வாசித்துச் சோதித்துப் பார்த்தார்கள். இன்னோரடி. மலைக்கும் லயத்தின் கடைசி வீடான ஒற்றையறைக் காம்பிராவுக்கும் நடுவே நான்கடிதான் மிச்சம். அந்தக் காம்பிராவில் இருப்பவர் திலக்ஷனின் அம்மா நாகலெட்சுமி. தோட்டத்து மேற்பார்வையாளரான கண்டாக்கு வந்து பார்த்து, நடுவில் ஒரு சிவப்புக் கயிறு கட்டிவிட்டுப் போனார். வேறு வீடு பற்றி அவர் வாய் திறக்கவில்லை. இவர்களும் கேட்டுக் கேட்டுச் சலித்திருந்தார்கள். ஹட்டன் மண்டபத்து நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் இருந்தது. வாசிக்கப் போவதில்லை என்றான் திலக்ஷன். நாகலெட்சுமிக்குக் கோபம் வந்துவிட்டது.

"அட்டன் எங்க இருக்கு, நாம எங்க இருக்கோம்? அங்க வாசிச்சா இங்க கேக்கவா போகுது? போய்ட்டு வா சாமி."

கேட்டிருக்காதுதான். ஆனால் லயத்து ஆட்கள் நிகழ்ச்சியைப் போனில் நேரலையாகப் பார்த்தார்கள். போன் சத்தம் பத்தவில்லை என்று அதை மாரியம்மன் கோயில் ஸ்பீக்கரில் மாட்டினார்கள். மலையை மறந்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. நான்கு தலைமுறையில் தங்கள் தோட்டத்தின் பெயரை மேடையில் ஒருவர் சொல்லிக் கேட்டது அன்றுதான். எல்லோரும் கோயிலில் இருந்தார்கள், நாகலெட்சுமி முன்வரிசையில் அழுதுகொண்டிருந்தார். அவன் கடைசி ஸ்வரத்தை இழுத்துப் பிடித்திருந்தவரை மலை நிற்காமல் நடந்தது. நாகலெட்சுமி திரும்பிப் போனபோது, பின்பக்கம் சமைக்கும் குசினி இல்லை. மலை காம்பிராவுக்குள், கட்டிலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. அதில் கொழுந்து துளிர்த்திருந்தது.

வேறு வீடு கேட்டு எழுதினார்கள், பதில் வரவில்லை. நாகலெட்சுமி அடுப்பை வாசலுக்குக் கொண்டுவந்தார். படுத்தால் முதுகுப் பக்கம் மண்ணின் ஈரம் வருகிறது, பழகிவிட்டது என்றார். கட்டிலோரம் துளிர்த்த கொழுந்தை அவரே கிள்ளினார்.

தை மாதம் கண்டியிலிருந்து அழைப்பு வந்தது. கண்டியில் வாசிப்பது மலைக்குக் கேட்காது; கோயில் ஸ்பீக்கரில் போடாவிட்டால் அது அசையாது. லயத்தில் எல்லோருக்கும் இது தெரியும். திலக்ஷன் அம்மாவிடம் கேட்க வந்தவன் கட்டிலைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"எத்தன பாட்டு?"

"ரெண்டும்மா."

நாகலெட்சுமி கட்டிலை வாசற்படிவரை இழுத்துப் போட்டார். அதற்குமேல் இழுக்க இடமில்லை.

"போய்ட்டு வா. ஸ்பீக்கரு போடச் சொல்லியிருக்கேன்."