முன் டயரில் இருந்த காற்று

கிட்ட வாங்கோ பிள்ளையள். ஃபேன் சத்தத்துக்குள்ள என்ர குரல் அமுங்கிப் போகும், இன்னும் கொஞ்சம் கிட்ட. பயம் வாற கதை ஒண்டு சொல்லப் போறன். பயந்தால் பக்கத்தில இருக்கிற ஆளின்ர கையைப் பிடிச்சுக்கொள்ளுங்கோ. அதுக்குத்தானே கூடி இருக்கிறம்.

வெள்ளவத்தையில் கடல் பக்கமான ஒரு மாடி வீட்டில் ஹம்சிகா இருந்தாள். அவள் புருஷன் சயந்தன், ஞாயிறு விடிந்தால் மலைச் சைக்கிளோடு மலைநாட்டுக்கு ஓடுகிற ஆள். அவளும் தன் சைக்கிளில் பின்னால் போவாள். போன வருசம் ஒரு ஞாயிறு அவளுக்குக் காய்ச்சல், அவன் தனியப் போனான். நக்கிள்ஸ் மலைப் பக்கம், கல்லு நிறைந்த இறக்கத்தில் பின் டயரின் பக்கம் கிழிந்து பள்ளத்துக்குள் விழுந்தவன், பிறகு எழும்பவில்லை.

சைக்கிள் மட்டும் வீட்டுக்கு வந்தது. பல்கனியில் சாத்தி வைத்தாள்.

ஆட்டைத் திவசம் முடிந்ததும், அவன் ஓடாமல் விட்ட மிச்சத் தூரத்தைத் தாங்கள் ஓடி முடிப்பதென்று கூட்டாளிகள் கதைத்தார்கள். "நானும் வாறன். அவரின்ர சைக்கிளிலதான் வருவன்" என்றாள் ஹம்சிகா. அதை ஒரு வான் வண்டியில் ஏற்றி, கொட்டாஞ்சேனையில் இருக்கிற பிறெடியின் சைக்கிள் கடைக்குக் கொண்டுபோனாள்.

பிறெடி குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்தார். "ஐயோ தங்கச்சி, இந்தச் சைக்கிளா? பின்னுக்கு மெல்லிசு டயர் வேண்டாம் எண்டு தலைப்பாடா அடிச்சுச் சொன்னனான். 'பாரம் கூடும் பிறெடி அண்ணே, நீங்களா மிதிக்கிறது?' எண்டு என்ர வயித்தைத் தட்டிச் சிரிச்சவர்."

"இந்தமுறை பாரம் கூடினாப் பரவாயில்லை அண்ணே."

பிறெடி ரிம்மின் உள் அகலத்தை அளந்தார். "டியூப் இல்லைத்தானே. டயரின்ர விளிம்பு ரிம்மில இறுகி நிண்டுதான் காத்தைப் பிடிக்கிறது. அகலம் பொருந்தாட்டி, வெட்டித் திரும்பேக்க காத்தைத் துப்பிப்போடும்." டயர்களை நிலத்தில் பரப்பினார். பின்னுக்கு, பல்லுக் குறைஞ்சு பக்கம் தடித்த ஒன்றை ஹம்சிகா எடுத்தாள். விரலால் மடித்துப் பார்த்தாள், இலேசில் மடியவில்லை. சரி என்றாள்.

பிறெடி இன்னொன்றை நீட்டினார். "முன்னுக்கு இது. அகலம், பல்லும் உயரம், றப்பரும் மெது. ஈரக் கல்லிலயும் கவ்வும்."

"முன்னுக்கு வேண்டாம். அதில இருக்கிறது அவர் அடிச்ச காத்து."

பிறெடி குனிந்து முன் டயரைப் பெருவிரலால் அமத்தினார். கல்லுப் போல இருந்தது.

"இடையில ஆர் காத்து அடிச்சது?"

"ஒருத்தரும் இல்லை."

"பகிடி விடாதேங்கோ தங்கச்சி. டியூப்லெஸ் டயர் சும்மா நிண்டாலே சோர்ந்து போகும். ஓட்டை அடைக்கிறதுக்கு உள்ளுக்கு ஊத்துற பாலும் இவ்வளவுக்குக் காய்ஞ்சிருக்கோணும்."

ஹம்சிகா வீதியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள். "சோர்ந்ததுதான் அண்ணே. பின்னேரம் அமத்திப் பாப்பன், மெத்தெண்டு இருக்கும். விடிய எழும்பிப் பாத்தா இறுகியிருக்கும். வீட்டில பம்ப் கூட இல்லை. அது அவரோட பள்ளத்துக்குள்ள போனது."

"பயமில்லையா உங்களுக்கு?"

"பயம்தான். ஆனா, அவர் வராமல் விட்டிட்டா?"

 பிறெடி முன் டயரின் பக்கத்தை விரலால் தடவிக் காட்டினார். றப்பர் முழுக்க மெல்லிய வெடிப்பு. "பின் டயர் வழுக்கினா ஒருமாதிரிச் சமாளிக்கலாம். முன் டயர் வழுக்கினா ஆள் நிலத்தில. இதோட அந்த இறக்கத்தில இறங்கினா, அவர் உங்களையும் கூட்டிக்கொண்டு போகத்தான் காத்து அடிக்கிறார் எண்டு நான் நினைப்பன்."

ஹம்சிகாவின் முகம் வெளுத்தது. அவளும் அப்படி நினைத்திருக்கிறாள், பிள்ளையள். நினைத்தும் வந்திருக்கிறாள்.

"நானே திறக்கிறன்" என்றாள்.

வால்வைத் திருகி அமத்தினாள். உஸ்ஸென்று காற்று வந்தது. அந்தப் பட்டப்பகல் வெக்கையிலும் அது குளிர்ந்த காற்று, ஈர இலை மணந்தது. பாதியில் நின்றுவிட்டது. வால்வு திறந்துதான் இருக்கிறது, டயர் இறுகித்தான் இருக்கிறது, காற்று வெளிவர மறுக்கிறது. பிறெடி கையை எடுத்துக்கொண்டு எட்டி நின்றார்.

நாங்கள் வீட்டை விட்டு வெளிக்கிடேக்க 'போறன்' எண்டு சொல்லமாட்டம்தானே. 'போயிட்டு வாறன்' எண்டுதான் சொல்லுவம். நிக்கிற ஆளும் 'போயிட்டு வாங்கோ' எண்டுதான் அனுப்பும். அந்த ஞாயிறும் சயந்தன் அப்படிச் சொல்லித்தான் படியிறங்கினான், காய்ச்சலோடு வாசலில் நின்று அவளும் அப்படித்தான் அனுப்பினாள். சொன்ன சொல்லுக்காக அவன் வந்துகொண்டே இருந்தான்.

ஹம்சிகா முழந்தாளில் இருந்து வால்வுக்குக் கிட்ட வாயைக் கொண்டுபோனாள். எங்கட ஆக்கள் வெளிக்கிடுகிற ஒருத்தருக்கு வாய் தவறியும் சொல்லாததைச் சொன்னாள்.

"போங்கோ சயன். இனி வர வேண்டாம். போங்கோ."

நீண்ட மூச்சொன்று வெளியே வந்தது. டயர் அவள் கைக்குள் துவண்டு விழுந்தது.

பிறெடி டயரைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே பால், அன்றைக்குக் காலையில் ஊற்றினதுபோல வெள்ளையாக, ஈரமாகக் கிடந்தது. அவர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். புது டயரைப் பொருத்திக் காற்றேற்ற, விளிம்பு டப் டப்பென்று ரிம்மில் இறுகியது. வெடிச்சத்தம் கேட்டதுபோல இரண்டு பேரும் துள்ளினார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

கூட்டாளிகளோடு போய், அந்த இறக்கத்தை ஹம்சிகா சைக்கிளில் ஓடினாள். அவன் விழுந்த வளைவில் முன் சில்லு கல்லைக் கவ்விப் பிடித்தது. கீழே வரும்வரை அவள் ஒருக்காலும் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

சில கிழமை கழித்து ஒரு பின்னேரம் பல்கனியில் முன் டயரை அமத்திப் பார்த்தாள். மெத்தென்று இருந்தது. அந்த இரவு அவளுக்கு நித்திரை இல்லை. விடிய எழும்பி மறுபடி அமத்தினாள்.

மெத்தென்றே இருந்தது.

வெயில் ஏறும்வரை அந்தச் சில்லுக்குப் பக்கத்தில் இருந்தாள். பிறகு எழும்பி, பம்ப் வாங்கக் கொட்டாஞ்சேனைக்கு பஸ் ஏறினாள்.

இவ்வளவுதான் செல்லங்களே. உங்கட வீட்டிலிருந்து வெளிக்கிடுகிற ஒவ்வொருத்தரும் உயிரும் உடம்புமாகத் திரும்பி வந்து வாசலில் செருப்புக் கழற்றட்டும். சோறு ஆறிப்போக முன்னம் எல்லாரும் ஒண்டாக இருந்து சாப்பிடுங்கோ. உங்கட பல்கனியில் கடல்காத்து மட்டும் வரட்டும்.