நாற்பதுக்கு நேரே ஒரு கீறல்

“கையை நீட்டுங்க மாமா” என்றார் மருமகன். கூடத்தில் சொந்தமெல்லாம் கைதட்டத் தயாராக நின்றது. மாமனார் நீட்டினார். நாலு நாளாக வீட்டைப் புரட்டிப்போட்டுத் தேடிய அவருடைய வாட்ச், வெல்வெட் பெட்டிக்குள்ளிருந்து பளபளவென்று வந்து உட்கார்ந்தது. புதுக் கண்ணாடி, புதுப் பட்டை. முகப்பைச் சுற்றித் திருகும் வளையமும் புதிது.

மருமகனுக்குப் பேச வராது, உரையாற்றத்தான் வரும். பாரம்பரியம், மரியாதை, மீட்டெடுப்பு என்று மூன்று தலைப்புகளில் ஆற்றினார். அவர் மணிக்கட்டிலும் ஒரு டைவிங் வாட்ச் உண்டு. முந்நூறு மீட்டர் ஆழம் தாங்குமாம். கை கழுவும்போது கழற்றிப் பத்திரமாக மேலே வைத்துவிடுவார்.

மாமனார் இருபத்தாறு வருஷம் துறைமுகத்தில் முங்கி, கப்பல்களின் அடிவயிற்றில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டியவர். முதுகில் கட்டும் காற்று நாற்பது நிமிஷத்துக்குத்தான். கலங்கல் தண்ணீரில் அந்த மலிவு வாட்சின் முள் மட்டும் மங்கலாக மினுங்கும். முங்கும்போது முள்ளுக்கு நேரே பூஜ்யத்தைத் திருகி வைத்த வளையத்தில் எண் தெரியாது. அவரும் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கீழேயே கிடப்பார். ஒருநாள், ஆமை என்று எல்லாரும் கூப்பிடும் கூட்டாளி பொறுக்கமாட்டாமல், சுரண்டும் கத்தியாலேயே நாற்பதுக்கு நேரே அழுத்தி ஒரு கோடு போட்டான். “நகத்தால தடவிப் பாருடா. அந்த எடத்துக்கு முள்ளு வந்தா மேல வா. வரலன்னா நானே எறங்கி வந்து ஒதைப்பேன்.”

ஆமை போய் ஒன்பது வருஷம். படம் ஒன்றும் இல்லை. கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைத்தவன். அவன் கையால் இந்த உலகத்தில் எழுதியது அந்த ஒரு கோடுதான்.

“பழைய வளையம் எங்க மாப்ளே?”

“அது ஒரே கீறல் மாமா. கடையிலயே விட்டுட்டேன்.”

“யாரைக் கேட்டு விட்டீங்க?”

“சர்ப்ரைஸ்னா கேட்டுட்டா செய்வாங்க?” கூடம் சிரித்தது.

“அப்பா, ஆசையா செஞ்சிருக்கார். நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்” என்றாள் மகள்.

“நல்லாத்தான் இருக்கு. உரிச்ச கோழி மாதிரி. வண்டியை எடுங்க மாப்ளே.”

“சாப்பிட்டுட்டு...”

“எடுங்கன்னு சொன்னேன்!”

கடைக்காரர் ஒரு தகர டப்பாவை மேஜைமேல் கவிழ்த்தார். கலகலவென்று நூறு வளையங்களாவது இருக்கும். “இதுல உங்களுது எதுன்னு நான் எப்படிங்க சொல்றது? எல்லாத்துலயும் கீறல்தான்.”

மருமகன் தொண்டையைச் செருமினார். “மாமா, ஒரு யோசனை. புதுசுலயே அதே எடத்துல ஒரு கீறல் போடச் சொல்லிடலாம். அச்சு அசல் பழசு மாதிரியே இருக்கும்.”

மாமனாரின் வலது கை தானாக உயர்ந்தது. மகளை நினைத்து அதை மெல்ல இறக்கி, டப்பாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். தகரம் நசுங்கியது.

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணை இறுக மூடினார். கைக்கு முதலில் தட்டுப்பட்ட வளையத்தை எடுத்து, அதன்மேல் கட்டைவிரல் நகத்தை வைத்து, மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தார்.