ஒன்றரைக் கட்டை

பதினேழாவது தடவையும் சோபியாவின் குரல் அந்த உச்சியில் போய் உடைந்தது. பதிவில் வெளிச்சத்தம் விழக்கூடாதென்று மானாம்பதி சர்ச்சின் ஜன்னல்களில் மெத்தைகளை அடைத்து, மின்விசிறியை நிறுத்தி, அவள் முன்னின்று பாடும் கொயரின் பதினான்கு பேரும் வேர்த்து வழிய மூச்சடக்கி நின்றிருந்தார்கள். டேனியல் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தான். மணி மூன்று. ஆறு மணிக்குள் பாட்டு வந்து சேராவிட்டால் படத்தின் பாட்டு ஆல்பத்தில் அவன் அக்கா சோபியாவின் குரல் இருக்காது என்று டைரக்டர் வினோத்குமார் கறாராகச் சொல்லியிருந்தார்.

"காலைல மோர் குடிச்சேன்டா தம்பி, அதான் கட்டிக்கிச்சு," என்றாள் சோபியா. "சுடுதண்ணி குடிச்சிட்டு வரேன். இன்னொரு வாட்டி போடு."

பாவம், மோர் என்ன செய்யும்! தப்பு மோரிலும் இல்லை, தொண்டையிலும் இல்லை. அது அங்கே ஒருவனுக்குத்தான் தெரியும், அவனோ வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டவன் போல உட்கார்ந்திருந்தான்.

பன்னிரண்டு வருஷம் சென்னையில் அடுத்தவர் பாட்டுக்குக் கீபோர்டு வாசித்துத் தேய்ந்தவனுக்கு, முதல் தடவையாகத் தன் பெயரில் ஒரு படம். கிளைமாக்ஸில் வரும் தாயின் பாட்டை சோபியா பாடி போனில் அனுப்பியதைக் கேட்ட டைரக்டர், இந்தக் குரல்தான் என்று குதித்துவிட்டார். அன்றிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. நடவு வயலில் யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும், "எங்க தம்பி படத்துல நான் பாடறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் நாற்றுக் கட்டைப் பிரிப்பாள்.

அந்த மெட்டு பிறந்தது இந்த சர்ச்சின் ஆர்மோனியப் பெட்டியில். கட்டைகளைப் பக்கவாட்டில் நகர்த்திச் சுருதி மாற்றுகிற ரகம் அது. யாரோ நகர்த்திய இடத்திலேயே துருப்பிடித்து நின்று இருபது வருஷம் ஆகிறது. எந்தக் கட்டையை அழுத்தினாலும் ஒன்றரைக் கட்டை இறங்கித்தான் பேசும். அதில் விரல் பழகியே ஆளான டேனியலுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் மெட்டு அமைந்த சந்தோஷத்தில், விரல் இருந்த இடத்தைப் பார்த்து ஐந்தரைக் கட்டை என்று தாளில் எழுதிக்கொண்டு சென்னைக்கு பஸ் ஏறிவிட்டான் மகராசன். அந்தப் பெட்டியோடு சோபியா பாடி அனுப்பியதோ அதற்கு ஒன்றரைக் கட்டை கீழே, நாலு கட்டையில்.

அந்தத் தாளை வைத்து, ஐரோப்பாவில் ஏதோ ஒரு ஊரில் நாற்பது வயலின்காரர்கள் அற்புதமாக வாசித்துக் கொடுத்துவிட்டார்கள். அவர்களுக்கு வழிகாட்டப் போட்ட குரலை டேனியலே கீழ் ஸ்தாயியில் பாடியிருந்ததால் அப்போதும் உறைக்கவில்லை. உறைத்தது முந்தாநாள். வயலின்களைக் கணினியில் கீழே இறக்கிப் பார்த்தான், சளி பிடித்த மாதிரி முனகின. போனில் வந்த அக்காவின் குரலை மேலே ஏற்றிப் பார்த்தான், யாரோ மூக்கால் பாடுவது போல இருந்தது. மறுபடி வாசிக்க வைக்கலாம் என்றால் உண்மையைச் சொல்ல வேண்டும். முதல் படத்திலேயே சுருதியைக் கோட்டைவிட்டவன் என்று பெயர் வாங்கினால் அடுத்த படம் ஏது? அக்கா எப்படியாவது எட்டிப் பிடித்துவிடுவாள் என்று கர்த்தர் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு வந்துவிட்டான். தன் கோழைத்தனத்துக்குக் கர்த்தரையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டான் என்றும் சொல்லலாம்.

பெட்டி வாசிக்கும் அருள்தாஸ் மெல்லப் பக்கத்தில் வந்தார். "இன்னாப்பா டேனியலு, அன்னிக்கு நம்ம பெட்டில வாசிக்க சொல்லோ இவ்ளோ ஒசரம் போவலியே. சோபியா சும்மா அல்வா மாரி பாடுச்சே."

டேனியல் ஹெட்ஃபோன் வயரைச் சிக்கெடுத்தான். "அது வேற மாமா. இது ஆர்கெஸ்ட்ரா, அப்டிதான் கேக்கும்."

"நமக்கு இன்னா தெரியும்," என்று அவர் ஒதுங்கிக்கொண்டார்.

சோபியா மறுபடி மைக் முன்னால் வந்து நின்றாள். பதினெட்டு. பத்தொன்பது. இருபதில் கழுத்து நரம்பு புடைத்து, கண்ணில் நீர் முட்டிற்று. உச்சியில் குரல் வரவேயில்லை, வெறும் காற்றுதான் வந்தது. கொயரில் நின்ற திலகா, "வுடுக்கா, ரத்தம் வந்துடப் போவுது," என்று அவள் கையைப் பிடித்தாள். சோபியா உதறினாள். இருபத்தைந்தாவது தடவைக்கு அவளால் பேசக்கூட முடியவில்லை.

நாலரைக்கு டைரக்டரின் போன் வந்தது. எல்லோரும் கேட்கட்டும் என்று சோபியாவே கை நீட்டி ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"என்ன டேனியல், பாட்டு எங்க?"

"சார், நான் சோபியா பேசறேன்." கரகரவென்று யாருடையதோ போலிருந்தது குரல். "எனக்கு ஒசரம் எட்டல சார். வேற யாரையாவது பாட வெச்சிக்கோங்க. தம்பிய ஒண்ணும் சொல்லாதீங்க, அவன் மேல தப்பு இல்ல."

"இங்க ஸ்டுடியோவுல ஒரு பாடகிய உக்கார வெச்சிருக்கேன், அவங்கள பாடச் சொல்றேன்," என்றார் டைரக்டர். "ஆனா டேனியல், அன்னைக்கு போன்ல அவ்வளவு சுலபமா பாடினாங்களே. சுருதி எல்லாம் சரியாத்தான இருக்கு?"

கேட்டேவிட்டார். அருள்தாஸ் தலை நிமிர்ந்து பார்த்தார். டேனியல் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், அக்காவின் தலை நிமிர்ந்துவிடும். ஆனால் அவன் தொலைந்துபோவான்.

"சரியாத்தான் சார் இருக்கு."

போன் அணைந்தது. ஜன்னல் மெத்தைகளை ஒவ்வொருவராக இறக்கினார்கள். சோபியா தன் பாட்டுப் புத்தகத்தைக் கொண்டுபோய்த் திலகாவின் கையில் வைத்தாள். "ஞாயித்துக்கிழமலேருந்து நீயே முன்னாடி நில்லுடி. இம்மா வருசமா நான்தான் பெரிய பாட்டுக்காரின்னு நெனச்சிக்கினு இருந்துட்டேன்."

டேனியல் வயர்களைச் சுருட்டினான். அழுகை வந்தது. அழுதால் அக்கா வந்து சமாதானம் சொல்வாளே என்ற பயத்தில் அடக்கிக்கொண்டான்.

ஐந்தே முக்காலுக்குச் சென்னையிலிருந்து பாட்டு வந்தது. ஹெட்ஃபோனில் கேட்டான். உச்சியை அந்தப் பாடகி அலட்டிக்கொள்ளாமல் தொட்டுவிட்டு இறங்கினாள். நாற்பது வயலின்களும் அவளுக்காகவே வாசித்த மாதிரி இருந்தது.

சோபியா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எத்தினி வாட்டி பாடினாங்களாம்?"

"ரெண்டு வாட்டிக்கா."

"பாத்தியா," என்று அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள். "பாட்டு நல்லாத்தான் கீது. எனக்குத்தான்டா வரல."

"ஆமாக்கா," என்றான் டேனியல்.